சின்ன ஃபிளாஷ் வாங்கும் முன் கேமராவின் தலையைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். கையில் கேனன் 200டி மார்க் 2, அதோடு வந்த 18-55 லென்ஸ். காதுகுத்து, வளைகாப்பு, பிறந்தநாள் என்று வீட்டு விசேஷங்களை நீங்களே எடுக்கிறீர்கள். கேமராவிலேயே இருக்கும் குட்டி ஃபிளாஷைத் தூக்கிவிட்டு எடுத்தால் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கிறது, பின்சுவரில் கறுப்பாக நிழல் ஒட்டிக்கொள்கிறது. பையில் இடத்தை அடைக்காத சின்ன ஃபிளாஷ் ஒன்று வேண்டும், கெய்டு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) அதிகமாக இருப்பதையே வாங்கிவிடலாமா, அல்லது ஸ்டூடியோ வைத்திருந்த மாமாவிடம் சும்மா கிடக்கும் பழைய ஃபிளாஷே போதுமா, கைக்குழந்தையை எடுக்கும்போது கண்ணுக்கு ஒன்றும் ஆகாதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நாலைந்து மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: வீட்டுக்குள் எடுத்த முகம் முகமாகத் தெரிய என்ன வழி. அதற்கு எத்தனை பவர் என்று பார்ப்பதை விட, ஃபிளாஷின் தலை எந்தெந்தப் பக்கம் திரும்பும் என்று பார்ப்பதுதான் உதவும்.

நான் ஃபிலிம் காலத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஃபிளாஷ் தூக்கும் பையனாகச் சேர்ந்து, அப்புறம் தனியாகக் கல்யாணம் எடுக்க ஆரம்பித்தவன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேனனும் நிக்கானும் நன்றாகப் பழக்கம், சோனி கொஞ்சம். ஃபியூஜி கேமராவில் ஃபிளாஷ் போட்டு நான் வேலை செய்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

முதலில் உங்கள் கேமராவில் இருக்கும் ஒரு சிக்கல். ஃபிளாஷ் பொருத்தும் அந்த ஹாட் ஷூவைக் கவனித்துப் பாருங்கள். வழக்கமான கேமராவில் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு இருக்கும், அதைச் சுற்றிச் சின்னப் பொட்டுகள் இருக்கும். நடுப்பொட்டுதான் 'எரி' என்று சொல்லும் சுவிட்ச், எந்தக் கம்பெனி ஃபிளாஷாக இருந்தாலும் அதில் எரிந்துவிடும். சின்னப் பொட்டுகள் அந்தந்தக் கம்பெனியின் சொந்தப் பாஷை பேசுபவை. கேனன் 3000டி, 200டி மார்க் 2 போன்ற சில கேமராக்களில் இந்த நடுப்பொட்டையே எடுத்துவிட்டார்கள். கேனனின் சொந்த ஃபிளாஷ்களான ஸ்பீட்லைட்டுகள் சின்னப் பொட்டுகள் வழியாகவே பேசிக்கொள்ளும் என்பதால் அவை சரியாக எரியும். நடுப்பொட்டை மட்டும் நம்பியிருக்கும் பவரைக் கையால் வைக்கும் விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷ்கள் எரியவே எரியாது. கேனன் தன் கையேட்டிலேயே மற்றக் கம்பெனி ஃபிளாஷ்கள் இதில் வேலை செய்யாது என்ற மாதிரிதான் எழுதியிருக்கிறது, ஆனால் வெளிக்கம்பெனிகளில் சில மாடல்கள் சின்னப் பொட்டுகளின் பாஷையைக் கற்றுக்கொண்டு இதற்கும் எரிகின்றன. எது எரியும் என்பது மாடலுக்கு மாடல், அதற்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு ஃபர்ம்வேர் மாறும். எனவே பெட்டியில் 'கேனனுக்கு' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். இதைப் படிக்கும் 1500டி வைத்திருப்பவர்களும் ஒருமுறை ஷூவைப் பார்த்துவிடுவது நல்லது.

மாமாவின் ஃபிளாஷுக்கு இதிலேயே பதில் வந்துவிட்டது. உங்கள் கேமராவில் போட்டால் எரியாது, அவ்வளவுதான். ஆனால் ஆசையில் அதை நண்பர் ஒருவரின் கேமராவில் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றில் அந்த நடுப்பொட்டிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழைய ஃபிலிம் கேமராவில் அது வெறும் இரும்புச் சுவிட்ச் என்பதால் தாங்கியது. டிஜிட்டல் கேமராவில் இருப்பது எலக்ட்ரானிக் சுவிட்ச், சில மாடல் தாங்கும், சில தாங்காது. இப்போது வரும் ஃபிளாஷ்களில் ஐந்து ஆறு வோல்ட்தான் இருக்கும். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஃபிளாஷை ஆன் செய்து சார்ஜ் ஆனபின், அடிப்பக்கத்தின் நடுமுனையில் ஒரு கம்பியையும் ஓரத்துத் தகட்டில் இன்னொன்றையும் வைத்தால் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அளக்காமல் போட்டார், கேமரா மற்றதெல்லாம் நன்றாகச் செய்தது, ஷூ மட்டும் அன்றோடு செத்தது. ஃபிளாஷைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் செல்லைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட் அளவுக்குப் பிடித்து வைத்திருக்கும்.

சரி, இப்போது முகம் ஏன் வெளுக்கிறது என்பதற்கு வருவோம். கேமராவில் இருக்கும் குட்டி ஃபிளாஷ் ஒரு தீப்பெட்டியில் பாதி அளவு, அதுவும் லென்ஸுக்கு நேர் மேலே. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து நேராக வரும் வெளிச்சம் நிழலைக் கத்தி மாதிரி வெட்டும், மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே தட்டையாகிவிடும், கண் சிவக்கும். இதே நிலையில் பெரிய ஃபிளாஷை நேராக அடித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது, நிழல் கொஞ்சம் இறங்கும், வெளுப்பு அப்படியே இருக்கும். தலையைத் தூக்கி வெள்ளைக் கூரையில் அடித்தால்தான் கதை மாறுகிறது. அப்போது முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது ஃபிளாஷ் இல்லை, பத்தடி அகலத்துக்குப் பளிச்சிடும் கூரை. மேகமூட்டமான காலை வெளிச்சம் மாதிரி மெத்தென்று இறங்கும், பின்சுவர் நிழல் இருந்த இடம் தெரியாது.

தலை மேலே தூக்கினால் மட்டும் போதுமா என்றால், போதாது. கேமராவைப் படுக்கையாகப் பிடிக்கும்போது மேலே பார்க்கும் தலை, ஆளுயரப் படத்துக்காகக் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் பக்கவாட்டில் பார்க்கும். அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர் இருந்தால் அதிர்ஷ்டம், ஜன்னலோ சிவப்புப் பட்டுப்புடவை வரிசையோ இருந்தால் போச்சு. அதனால் மேலே தூக்குவதோடு இடவலமாகவும் திரும்பும் தலை வேண்டும். சின்ன ஃபிளாஷ்களில் இந்த ஒரு விஷயத்தில்தான் கம்பெனிகள் கை வைக்கும். வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான், இதில்லாததை விலை பாதியாக இருந்தாலும் வாங்கமாட்டேன்.

சுவரின் நிறமும் விளையாடும். ஒருமுறை ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன், கூடம் முழுக்க இளம்பச்சை டிஸ்டெம்பர், மேலே ஓட்டுக்கூரை. ஓடு வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்று தெரிந்து பக்கச்சுவரில் அடித்தேன். திரையில் பார்த்தால் பெண்ணின் கன்னம் மூன்று நாள் காய்ச்சல் கண்டவர் மாதிரி பச்சையாக இருக்கிறது. வளையல் அடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், யோசிக்க நேரமில்லை. திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவரிடம் 'ஐயா, புது வேட்டி இருக்குமா' என்று கேட்டேன். அவர் பெட்டியிலிருந்து எட்டுமுழ வேட்டி ஒன்றைக் கொண்டுவர, இரண்டு பையன்கள் அதை விரித்து என் இடது தோளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். ஃபிளாஷ் தலையைத் திருப்பி வேட்டியில் அடித்தேன். அன்றைக்கு எடுத்ததில் நல்ல படங்கள் எல்லாம் அந்த வேட்டிக்குப் பிறகு வந்தவைதான். தலை திரும்பாத ஃபிளாஷாக இருந்திருந்தால் வேட்டி இருந்தும் பயனில்லை.

இனி கெய்டு நம்பர். கணக்கு எளிது: தூரத்தை மீட்டரில் எடுத்து எஃப் நம்பரால் (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற எண், சிறிதானால் அதிகம் திறப்பு) பெருக்கினால் வருவதுதான் அது, ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு, 100 என்று வைத்துக்கொண்டு. கெய்டு நம்பர் 20 என்றால் எஃப் 4-இல் ஐந்து மீட்டர் போகும். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் அது இரட்டிப்பாகி 40 ஆகும். பெட்டியில் போடும் எண்ணில்தான் சூட்சுமம். தலைக்குள் ஜூம் இருக்கும் ஃபிளாஷ்கள் வெளிச்சத்தை 105 மிமீ, 200 மிமீ லென்ஸ் பார்க்கும் குறுகிய பரப்புக்குக் குவித்து வைத்து அளந்து, அந்தப் பெரிய எண்ணை அட்டையில் அச்சடிக்கும். டார்ச்லைட்டின் முன்பக்கத்தைத் திருகி வட்டத்தைச் சிறிதாக்கினால் பளிச்சென்று தெரியுமே, அதே சங்கதி. நிஸ்ஸின் ஐ40 என்று ஒரு குட்டி ஃபிளாஷ், பெயரில் இருக்கும் 40 என்பது 105 மிமீயில், 35 மிமீக்கு விரித்தால் 27. கேனன் 270ஈஎக்ஸ் 2-க்கு 27 என்பது 50 மிமீயில், 28 மிமீக்கு விரித்தால் 22. அதனால் இரண்டு ஃபிளாஷ்களை ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே மிமீக்குச் சொன்ன எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். உங்கள் கேமராவில் ஏற்கெனவே இருப்பதன் கெய்டு நம்பர் சுமார் 10.

வீட்டுக்குள் எவ்வளவு தேவை என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கூரை பத்தடி, அதாவது மூன்று மீட்டர். நீங்கள் கேமராவை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்து இரண்டரை மீட்டர் தள்ளி நிற்பவரை எடுக்கிறீர்கள். வெளிச்சம் மேலே போய்க் கீழே இறங்கும் பாதை கிட்டத்தட்ட நாலு மீட்டர். விரித்த நிலையில் கெய்டு நம்பர் 20 உள்ள ஃபிளாஷ், ஐஎஸ்ஓ 800-இல் சுமார் 56 ஆகும். கூரை தின்றுவிடுவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது, இரண்டு என்றால் கெய்டு நம்பர் பாதியாகும்) என்று நாங்கள் வழக்கமாக வைப்போம், இது கைக்கணக்கு, பெயின்ட்டைப் பொறுத்துக் கூடும் குறையும். ஆக மிச்சம் 28. அதை நாலால் வகுத்தால் எஃப் 7. உங்கள் லென்ஸ் 55 மிமீயில் எஃப் 5.6 வரை திறக்கும், எனவே ஃபிளாஷ் தன் முழு பலத்தில் முக்கால்வாசிக்கும் கீழேதான் வேலை செய்யும். ஐஎஸ்ஓ 1600 வைத்தால் இன்னும் சுகம், அந்தக் கேமராவில் 1600 தாராளமாகப் பார்க்கும்படி இருக்கும். அதாவது உங்கள் வேலைக்குச் சின்ன ஃபிளாஷ் போதும், ஐயமே இல்லை. கல்யாண மண்டபம் வேறு. கூரை இருபதடிக்கு மேல், நடுவில் தோரணம், விசிறி, வண்ண விளக்கு. வெளிச்சம் பத்து மீட்டருக்கு மேல் போய் வரவேண்டும், ஒவ்வொரு கிளிக்குக்கும் முழு பவர் கேட்கும், சின்ன ஃபிளாஷ் நாலாவது படத்திலேயே மூச்சு வாங்கும். மண்டபத்துக்கும் இதையே கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

பெரியதையே வாங்கிவிடலாமே என்று நீங்கள் கேட்டால், எடையைப் பாருங்கள். உங்கள் கேமரா பேட்டரியோடு 449 கிராம். கேனனின் 600ஈஎக்ஸ் 2 செல் போடாமலேயே 435 கிராம், நாலு செல் போட்டால் கேமராவை விடத் தலைப்பாகை கனமாகிவிடும். தொங்கவிட்டு நடந்தால் கேமரா குப்புற விழும், ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும், அப்புறம் அது அலமாரிக்குப் போய்விடும்.

ஆகவே உங்களுக்கு நான் முதலில் சொல்வது கேனன் ஈஎல்-100. கெய்டு நம்பர் 26, இரண்டு செல், தலை மேலும் தூக்கும், இரு பக்கமும் திரும்பும், நடுப்பொட்டு இல்லாத உங்கள் ஷூவிலும் எரியும். 270ஈஎக்ஸ் 2-இன் 27-ஐ விட எண்ணில் ஒன்று குறைவுதான், ஆனால் 270-இன் தலை மேலே மட்டும் போகும், பக்கம் திரும்பாது. எண்ணைப் பார்த்து வாங்குபவர் 270-ஐ வாங்குவார், படத்தைப் பார்த்து வாங்குபவர் 100-ஐ வாங்குவார். கேனன் விலை கையைக் கடித்தால் அடுத்தது கோடாக்ஸ் டிடி350. 105 மிமீயில் 36, இரண்டு செல், 200 கிராம், தலை எல்லாப் பக்கமும் திரும்பும், பிற்பாடு கேமராவை விட்டுத் தனியாக வைத்து எரியவிட ரேடியோ உள்ளேயே இருக்கிறது. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்: சி என்றால் கேனன், என் நிக்கான், எஸ் சோனி. நானே ஒருமுறை அவசரத்தில் தப்பான எழுத்தை வாங்கிவந்து, ஆட்டோ வேலை செய்யாமல் ஒரு பிறந்தநாள் முழுக்க மேனுவலில் திருகிக்கொண்டிருந்தேன். உங்கள் கேமராவிலோ தப்பான எழுத்து ஃபிளாஷ் மேனுவலிலும் எரியாது. சி எழுத்தே ஆனாலும் உங்கள் கேமராவில் பொருத்தி எரியவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மேலே தூக்கவும் வராத, நேராக மட்டும் அடிக்கும் அழகான குட்டி ஃபிளாஷ்கள் இப்போது நிறைய வருகின்றன. தெருவில் ஸ்டைலாக எடுப்பவர்களுக்கு அவை பிடிக்கும், உங்களுக்கு வேண்டாம்.

செல்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் பாதிப் புகார் அதில்தான் வருகிறது. கடிகாரத்துக்குப் போடும் சாதாரண ஏஏ செல்லைப் போட்டால் ஃபிளாஷ் சார்ஜ் ஆவதற்குள் கேக் வெட்டி முடிந்துவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் வாங்குங்கள், எனலூப் மாதிரி சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்காத வகை, 2000 எம்ஏஎச் போதும். 1.2 வோல்ட்தானே, 1.5 வோல்ட் ஆல்கலைனை விடக் குறைவாயிற்றே என்று தோன்றும். ஃபிளாஷுக்கு வேண்டியது ஒரே மூச்சில் நிறைய மின்சாரம், அதில் இந்தச் செல்லுக்குத்தான் கை பெரிது. நாலு வாங்கி இரண்டிரண்டாக ஜோடி போட்டு மார்க்கரில் குறித்து வையுங்கள், ஜோடியை மாற்றிக் கலக்காதீர்கள். விசேஷம் முடிந்ததும் செல்லைக் கழற்றிவிடுங்கள், ஆல்கலைன் செல் உள்ளேயே கிடந்து கசிந்து பச்சை பூத்த ஃபிளாஷ்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தால் விசேஷத்துக்கு முந்தின நாள் சார்ஜ் செய்து பத்துத் தடவை எரியவிட்டுக்கொள்ளுங்கள், கெப்பாசிட்டருக்கு அது நல்லது.

அடிக்கும் முறையில் நான் ஆரம்பத்துக்குச் சொல்வது: கேமராவை எம்-இல் (எல்லாம் நீங்களே வைக்கும் மேனுவல்) வைத்து, ஷட்டர் 1/100, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, ஃபிளாஷை டிடிஎல்-இல் (கேமராவே அளந்து பவரை வைக்கும் ஆட்டோ முறை) விட்டுவிடுங்கள். 1/100 என்பதற்குக் காரணம் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுங்கும், அந்த வேகத்தில் கோடு விழாது. 1/200-க்கு மேல் சாதாரணமாகப் போகாதீர்கள், உங்கள் கேமராவின் ஃபிளாஷ் எல்லை அது. டிடிஎல் புத்திசாலிதான், ஆனால் வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பேர் நின்றால் 'வெளிச்சம் அதிகம்' என்று ஏமாந்து குறைத்து அடிக்கும், முகம் கறுக்கும், அப்போது ஃபிளாஷ் அளவைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷனை மூன்றில் இரண்டு ஸ்டாப் ஏற்றுங்கள். தலையை நேர் செங்குத்தாகத் தூக்கினால் கண்குழியில் நிழல் விழும், கொஞ்சம் உங்கள் பின்பக்கமாகச் சாய்த்தால் சரியாகும். இல்லையென்றால் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் வெள்ளைப் பக்கம் முன்னால் வரும்படி ஃபிளாஷ் தலையின் பின்புறம் ரப்பர் பேண்டில் கட்டுங்கள், இரண்டு அங்குலம் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் போதும். கண்ணில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி வரும், முகமே உயிர் பெறும். ஃபிளாஷ் தலையில் மாட்டக் காசு கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் குடுவை இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது, திறந்தவெளியில் அது செல்லைத்தான் தின்னும்.

குழந்தை விஷயம். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் வழக்கமான தூரத்தில் அடிக்கும் கேமரா ஃபிளாஷ் குழந்தையின் பார்வையைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே கண் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. இருந்தாலும் முகத்துக்கு அருகில் நேராக அடிக்கமாட்டேன், கூரையில் அடிக்கும்போது அந்தக் கவலையே எழாது, பாட்டிகளும் திட்டமாட்டார்கள். டிடிஎல் முதலில் ஒரு சின்ன மினுக்கு மினுக்கி அளந்துவிட்டுத்தான் அடிக்கும், சில குழந்தைகள் அந்த மினுக்குக்கே கண்ணை மூடிவிடும், அவர்களுக்கு மட்டும் மேனுவலுக்கு மாறுங்கள். பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: நேராக ஃபிளாஷ் அடித்த படங்களில் இரண்டு கண்ணும் சிவந்தால் கவலையில்லை, ஒரு கண் மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாக மின்னினால் தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள், சில வேளை அது உண்மையான நோயின் அறிகுறி.

கடைக்குப் போகும்போது கேமராவைக் கொண்டுபோங்கள். ஷூவில் முழுக்கத் தள்ளிப் பூட்டி, கேமராவின் மெனுவில் வெளி ஃபிளாஷ் அமைப்புகள் திறக்கிறதா என்று பாருங்கள், திறந்தால் இரண்டும் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம். அப்புறம் கடையின் கூரையில் அடித்துப் பத்துப் படம் எடுங்கள், பத்திலும் எரிய வேண்டும், பத்தும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்று எரிந்தால், 'செல் வீக் சார்' என்பார்கள். அதற்காகத்தான் சொல்கிறேன், சார்ஜ் செய்த உங்கள் சொந்தச் செல் இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள்.